உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள்: வளர்ப்பவருக்காக நாம் கேட்க வேண்டியது என்ன?

வைப்பாற்றங்கரை எழுதியது:

பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் காப்பகமும் தத்தெடுப்பும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. விருதுநகர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: நான் அறிந்த அத்தகைய பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் காப்பகத்துக்கும் போகவில்லை, தத்தும் கொடுக்கப்படவில்லை. அம்மாச்சி வீட்டிலோ அப்பத்தா வீட்டிலோ, சித்தி, பெரியப்பா, தாய்மாமன் வீட்டிலோதான் வளர்ந்தார்கள். சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரியில் நடந்ததைப் போன்ற ஒரு பட்டாசு ஆலை வெடிவிபத்து நேர்ந்தால் இழப்பீடு அறிவிக்கப்படும், செய்தியாளர்களும் வருவார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, பிள்ளையை யார் வைத்துக்கொள்வது, பள்ளியில் யார் கையெழுத்திடுவது என்பதெல்லாம் உறவுக்குள்ளேயே பேசி முடிக்கப்படும். அந்த முடிவுக்கு எந்த அலுவலகத்திலும் பதிவு இருக்காது.

பதிவு இல்லாததன் விளைவைப் பள்ளி மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் நன்கு அறிவார்கள். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்துக்குப் போனால் தகப்பனின் சான்றிதழைக் கேட்பார்கள். குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயரைச் சேர்க்க வேண்டுமானால் பழைய அட்டையிலிருந்து நீக்கியதற்குச் சான்று வேண்டும். அந்தப் பழைய அட்டையோ ஓடிப்போன தகப்பனின் கையில் இருக்கும். மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும்போது, "நீங்கள் பிள்ளைக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்விக்குப் பாட்டி வாயால்தான் பதில் சொல்ல முடியும், காட்டுவதற்கு ஒரு தாள் இருக்காது. பிள்ளையைப் பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்தவர், அலுவலகத்தின் கண்ணுக்கு வழியே போகிற ஒருவராகத்தான் தெரிகிறார்.

அடுத்தது பணம். முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு கிழவி தனக்கு வாங்கும் அந்தத் தொகையில் இரண்டு பேரப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமும், சைக்கிள் பஞ்சரும், காய்ச்சல் மருந்தும் அடங்க வேண்டியிருக்கிறது. மதிய உணவும் காலை உணவும் பள்ளியில் கிடைப்பதால்தான் பல வீடுகள் நிற்கின்றன. கோடை விடுமுறை தொடங்கியதும் இந்தப் பிள்ளைகளின் முகம் வாடுவதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

"சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று நாம் நிம்மதியாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். பிள்ளைக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. அந்த வீட்டைத் தாங்கிப் பிடிக்க ஊரும் அரசும் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். வளர்ப்பவருக்கு முதலில் ஒரு தாள் வேண்டும், பிறகு தவறாமல் வந்து சேரும் ஒரு தொகை வேண்டும் என்பது என் கருத்து. சட்டம் அறிந்தவர்களும், இப்படி வளர்ந்தவர்களும், வளர்த்துக்கொண்டிருப்பவர்களும் எழுத வேண்டுகிறேன்.

கொங்குத்தறி எழுதியது:

ஆசிரியை அம்மாவின் அக்கறையை மதிக்கிறேன். இருப்பினும் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. அக்காள் பிள்ளையை வளர்ப்பதற்குத் தம்பி மாதச் சம்பளம் வாங்குகிறான் என்ற நிலை வந்துவிட்டால், பிள்ளையின் மனத்தில் அது என்னவாகப் பதியும்? எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்கு உள்ள கடமையை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. எழுதிக் கொடுக்காததால்தான் அது இவ்வளவு காலம் நிலைத்தது.

மறுபக்கமும் உண்டு. விபத்தில் இறந்தவரின் இழப்பீட்டுத் தொகை வரும்வரை பிள்ளையைத் தாங்கிவிட்டு, தொகை கைக்கு வந்ததும் விசைத்தறி வாங்கியவர்களையும் வீட்டுக்குக் காங்கிரீட் போட்டவர்களையும் நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்போடு நின்று தறிக்குப் போயிற்று. பணத்தைக் கொண்டு உறவை அளக்கத் தொடங்கினால் இத்தகையவர்கள் பெருகுவார்கள் என்று அஞ்சுகிறேன்.

வைப்பாற்றங்கரை எழுதியது:

தாங்கள் சொல்லும் இரண்டும் நடப்பவையே. ஆனால் "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று சொன்னவர்களும் நம்மவர்கள்தாம். கடமையை மனமுவந்து ஏற்றுக்கொண்ட தாய்மாமனுக்குத் தன் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவருடைய மனைவி, பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் இரண்டு தட்டுகளையும் ஒன்றாகப் பார்க்க முடியாமல் திணறும்போது, சொல் தடித்துவிடுகிறது. அந்தச் சொல் பிள்ளையின் நெஞ்சில் ஆயுள் முழுவதும் தங்குகிறது. நெருக்கடியைக் குறைக்கும் தொகை அந்தச் சொல் பிறக்காமல் தடுக்கும். நான் இதைச் சம்பளமாகப் பார்க்கவில்லை.

கூடல்நகர் வழக்கறிஞர் எழுதியது:

சட்ட உதவிப் பணியில் இருப்பவன் என்பதால், சட்டம் இன்று எந்த இடத்தில் நிற்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆவது பிரிவுப்படி இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய். பாட்டி, தாத்தா, மாமன், சித்தி யாரும் அந்த வரிசையில் இல்லை. அவர்கள் நடைமுறையில் காப்பாளராக இருப்பவர்கள். அந்த அடிப்படையில் மட்டும் இளவரின், அதாவது பதினெட்டு வயது நிறையாதவரின், சொத்தைக் கையாளவோ விற்கவோ யாருக்கும் உரிமை இல்லை என்று அதே சட்டத்தின் 11-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கொங்குத்தறி அஞ்சும் முறைகேட்டுக்குச் சட்டம் ஏற்கெனவே தடை போட்டிருக்கிறது. தடை இருந்தும் அதைக் கண்காணிப்பதற்கு யாரும் இல்லை என்பதே குறை.

முறைப்படி காப்பாளராக விரும்புகிறவர் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். இது எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். பிள்ளையின் நலனையும், மனுதாரரின் குணத்தையும் தகுதியையும், உறவின் நெருக்கத்தையும், இறந்த பெற்றோரின் விருப்பம் ஏதேனும் இருந்தால் அதையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளும். விவரம் அறிந்த வயதுப் பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம். செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. ஒரு பாட்டி மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரே போய்க் கேட்கலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வழியையும் சொல்லிவிடுகிறேன். கணவனை இழந்து, தானும் கடும் நோயில் இருக்கும் ஒரு தாய், தனக்குப் பின் தன் பிள்ளைக்கு யார் காப்பாளர் என்பதை உயிலிலேயே எழுதி வைக்கலாம். மேலே சொன்ன 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. புற்றுநோய் மருத்துவமனைகளில் இந்த ஒரு செய்தியைச் சொல்வதற்கு ஓர் ஆள் இருந்தால், எத்தனையோ பாட்டிமார் அலைச்சலிலிருந்து தப்புவார்கள்.

பணத்துக்கு வருகிறேன். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கு 44-ஆவது பிரிவும், நிதி ஆதரவுக்கு 45-ஆவது பிரிவும் இருக்கின்றன. பெற்றோரை இழந்து உறவினர் குடும்பத்தோடு வாழும் பிள்ளைகள் நிதி ஆதரவுக்கு உரியவர்கள் என்று 45-ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. ஆக, உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு உதவி என்பது சட்டத்துக்குப் புறம்பான புதுக் கோரிக்கை அன்று. ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி இந்த நிதி ஆதரவு ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய்.

இடறும் இடம் வருமான வரம்பு. ஊரகப் பகுதியில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும், பிற பகுதிகளில் 96,000 ரூபாய்க்கும் மிகக் கூடாது. 2025-26-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அந்தக் கூலிக்கு ஒருவர் மட்டும் ஆண்டில் 215 நாள் வேலை செய்தாலே ஊரக வரம்பைக் கடந்துவிடுவார். கணவன், மனைவி இருவரும் கூலிக்குப் போகும் வீட்டில், அக்காள் பிள்ளை ஒன்றையும் சேர்த்து ஐந்து பேர் சாப்பிட்டாலும் காகிதத்தில் அது வசதியுள்ள வீடு. வரம்பு கணக்கிடும்போது வளர்ப்பவரின் வருமானத்தைப் பார்க்காமல், பிள்ளைக்கென்று உள்ள வருமானத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வளர்ப்பவர் அந்தப் பிள்ளைக்குச் சட்டப்படி கடன்பட்டவர் அல்லர், மனத்தால் ஏற்றவர்.

மூத்தவள் எழுதியது:

இந்த இழையைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. பெற்றோர் இருவரும் இல்லாத நிலையில் என் தம்பியையும் தங்கையையும் நான் வளர்த்து வருகிறேன். பொறுப்பு என்னிடம் வந்தபோது நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்பைத் தொடர்கிறேன்.

எல்லோரும் பாட்டியைப் பற்றியும் மாமனைப் பற்றியும் பேசுகிறீர்கள். அக்காவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, "உன்னையே ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய வயதில் இருக்கிறாய், பெரியவர் யாரையாவது அழைத்து வா" என்றார்கள். பெரியவர் ஒருவரை அழைத்துப் போனால், அவர் பெயரில் விண்ணப்பம் போகும். தொகை வந்தால் அவர் கணக்குக்குப் போகும். வீட்டில் சமைப்பதும் காய்ச்சலுக்கு விழித்திருப்பதும் நான். உறவினர்கள் கெட்டவர்கள் அல்லர். தங்கையை மட்டும் தாங்கள் அழைத்துப் போவதாகவும், தம்பியை விடுதியில் சேர்க்கலாம் என்றும், எனக்கு மாப்பிள்ளை பார்க்கலாம் என்றும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். மூவரும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நின்றேன். அதற்கு எனக்குத் துணை நின்றவர் தங்கையின் வகுப்பாசிரியை ஒருவர் மட்டுமே.

என்னைப் போன்றவர்களுக்கு இந்தச் சட்டங்களில் இடம் உண்டா என்று வழக்கறிஞர் ஐயா சொல்ல வேண்டும்.

கூடல்நகர் வழக்கறிஞர் எழுதியது:

சகோதரி, இடம் உண்டு. ஆனால் ஒரே சீராக இல்லை. தத்தெடுப்பதற்காக இளைஞர் நீதிச் சட்டம் "உறவினர்" என்று வரையறுப்பது தந்தைவழி, தாய்வழிச் சித்தப்பா, பெரியப்பா, மாமன், அத்தை, சித்தி, பெரியம்மா ஆகியோரையும் இருவழித் தாத்தா பாட்டிகளையும்தான். உடன்பிறந்தோர் அந்த வரையறையில் இல்லை. ஆனால் காப்பாளர் நியமனத்துக்கு அந்த வரையறை பொருந்தாது. தங்களுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டதால், 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தாங்களே மனு செய்யலாம். அதோடு, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்ட அளவிலான குழந்தைகள் நலக் குழு தகுதியுள்ள ஒருவரிடம் பிள்ளையை ஒப்படைத்து ஆணையிடவும் இளைஞர் நீதிச் சட்டம் அதிகாரம் தருகிறது. அந்த ஆணை தங்கள் பெயரில் இருந்தால், விண்ணப்பங்களில் வேறொருவர் பெயரை எழுத வேண்டிய கட்டாயம் நீங்கும்.

வங்கிக் கணக்கைப் பற்றி ஒரு சொல். ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பத்து வயது நிறைந்த பிள்ளைகள் வங்கி விதிக்கும் வரம்புக்கு உட்பட்டுத் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்கலாம். தம்பி, தங்கை இருவரும் அந்த வயதைக் கடந்திருந்தால் அவரவர் பெயரிலேயே கணக்கு இருக்கட்டும்.

மட்டுநகர் வாசகி எழுதியது:

இலங்கையின் கிழக்கு மாகாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடத்தில் இந்தக் கதைக்கு இன்னொரு முகம் உண்டு. இங்கே எத்தனையோ பிள்ளைகள் அம்மம்மாவிடம் வளர்வது தாய் இறந்ததால் அல்ல. தாய் வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருப்பதால். போரிலே தகப்பனை இழந்த, அல்லது தகப்பன் காணாமல் ஆக்கப்பட்ட குடும்பங்களில் வளர்ந்த பெண்கள், இன்று தங்கள் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். முதலில் மகளை வளர்த்து, இப்போது பேரப் பிள்ளைகளை வளர்க்கிற அம்மம்மாவுக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது.

2013-ஆம் ஆண்டிலிருந்து, வேலைக்குச் செல்லும் பெண்கள் குடும்பப் பின்னணி அறிக்கை பெற வேண்டும் என்ற விதி கொண்டுவரப்பட்டது. சிறு பிள்ளை உள்ள தாய்மாருக்கு அதன்படி தடை விதிக்கப்பட்டது. வளர்ந்த பிள்ளைகள் உள்ளவர்கள், பிள்ளையைப் பார்க்கப்போகிறவர் யார் என்பதைக் காட்ட வேண்டியிருந்தது. அதாவது, அம்மம்மா ஒருவர் இருக்கிறார், அவர் இசைந்திருக்கிறார் என்பதை உறுதிசெய்ய உத்தியோகத்தர்கள் வீட்டுக்கு வந்தார்கள். தாயைத் தடுப்பதற்கோ அனுப்புவதற்கோ அந்த அறிக்கை பயன்பட்டதே தவிர, பிள்ளையைப் பொறுப்பேற்ற அம்மம்மாவுக்கு அதனால் எந்தக் கொடுப்பனவும் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் பதிவே இல்லை என்று ஆசிரியை சொல்கிறார். பதிவு இருந்தும் அது வளர்ப்பவருக்குப் பயன்படாமல் போகக்கூடும் என்பதற்கு எங்கள் அனுபவம் சான்று. ஆகவே, தாள் எதற்காக என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாய் அனுப்பும் பணம் தகப்பனின் கணக்குக்கு வந்து, தகப்பன் அதைக் குடித்து அழிக்க, பிள்ளைகளின் சோறு அம்மம்மாவின் கைத்தொழிலில் நடக்கிற வீடுகளை எங்கள் கிராமங்களிலே காணலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். அவரிடம் போய் முறையிடலாம் என்பதை அம்மம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுப்பதையே எங்கள் மாதர் சங்கம் முதல் வேலையாக வைத்திருக்கிறது.

களப்பணி செய்பவர் எழுதியது:

குழந்தைகள் பாதுகாப்புத் துறையோடு இணைந்து பணியாற்றும் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் இருக்கிறேன். மேலே சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் "முதலில் தாள்" என்பதில் ஓர் ஆபத்து இருப்பதை நேரில் பார்க்கிறேன்.

ஒரு வீட்டுக்குள் நான் நுழைந்து, குழந்தைகள் நலக் குழு என்ற சொல்லை உச்சரித்தவுடனே பாட்டி பிள்ளையைத் தன் பின்னால் இழுத்துக்கொள்கிறார். பிள்ளையை ஹோமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற அச்சம் அவ்வளவு ஆழமானது. உதவி கேட்டால் வறுமை வெளிப்படும், வறுமை வெளிப்பட்டால் பிள்ளை பறிபோகும் என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு அடிப்படையற்றது என்று நாம் சொன்னால் மட்டும் போதாது. வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிப் பிள்ளையைப் பிரிக்க மாட்டோம் என்பது விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

ஆகவே, பதிவு என்பது உதவிக்கு நுழைவுச் சீட்டாக இருக்கக்கூடாது என்பது என் நிலை. தமிழ்நாட்டில் 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்ட அன்புக் கரங்கள் திட்டத்தில், இரு பெற்றோரையும் இழந்து உறவினரின் பாதுகாப்பில் வளரும் பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையிலுள்ள பிள்ளைகளுக்கும் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கப்படுகிறது. நீதிமன்ற ஆணை இல்லாத வீட்டையும் அரசு ஏற்றுக்கொள்ளும் வழி இது. கொரோனா காலத்தில் 2021 மே மாதம் அறிவிக்கப்பட்ட உதவியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த நோயால் இரு பெற்றோரையும் இழந்த பிள்ளையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை, உறவினர் வீட்டில் வளர்ந்தால் மாதம் 3,000 ரூபாய். அதே மாதத்தில் காசநோயால் பெற்றோரை இழந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அவை கிடைக்கவில்லை. பெற்றோர் எந்த நோயில் இறந்தார்கள் என்பதைப் பொறுத்துப் பிள்ளையின் பசி கூடுவதோ குறைவதோ இல்லை.

களத்தில் எங்களை மிகவும் திணறடிப்பவை மரணம் நிகழாத வீடுகள். தகப்பன் வேறொரு குடும்பத்தோடு வெளியூரில் இருக்கிறார், தாய் எங்கே என்று தெரியவில்லை. இறப்புச் சான்றிதழ் இல்லை, விவாகரத்துத் தீர்ப்பு இல்லை. காணாமல் போனவரை இறந்தவராகச் சட்டம் அனுமானிக்க ஏழு ஆண்டுகள் ஆகும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதற்குள் பன்னிரண்டு ஆகிவிடும். இத்தகைய வீடுகளுக்கு ஊர் அறிந்த உண்மையைச் சான்றாக ஏற்கும் முறை வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் தலைமையாசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் சேர்ந்து, இந்தப் பிள்ளை இந்த வீட்டில்தான் வளர்கிறது என்று கையெழுத்திட்டால் அதுவே போதுமானதாக இருக்க வேண்டும்.

பிறகு, பணத்தைத் தவிர்த்த உதவிகளையும் மறக்கக்கூடாது. தன் மகளையே பறிகொடுத்த பாட்டி, மகளின் பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய துக்கத்துக்கு இடமே இல்லாமல் போகிறது. மாதம் ஒரு முறை இத்தகைய பாட்டிமாரை அங்கன்வாடியில் கூட்டி உட்கார வைத்தோம். முதல் கூட்டங்களில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான் பேசினார்கள். பழகிய பிறகுதான் தங்கள் மக்களின் பெயரைச் சொல்லி அழுதார்கள். கைப்பேசி கேட்டு அடம்பிடிக்கும் பேரனையும், பூப்பெய்திய பேத்தியையும் எப்படி நடத்துவது என்று ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டதை எந்தப் பயிற்சி வகுப்பாலும் தந்திருக்க முடியாது.

தேம்சுக்கரைத் தமிழர் எழுதியது:

இங்கிலாந்தில் வசிக்கும் எங்களுக்கும் இந்தக் கேள்வி புதிதன்று என்பதால் ஒரு குறிப்பு. இங்கே 2005-ஆம் ஆண்டு இறுதியிலிருந்து சிறப்புக் காப்பாளர் ஆணை என்ற ஒன்று நடைமுறையில் இருக்கிறது. பெற்றோரின் சட்ட உறவு முற்றாக அறுபடாமல், பாட்டியோ மாமனோ அன்றாட முடிவுகளைத் தாமே எடுக்கும் அதிகாரத்தை அது தருகிறது. தத்தெடுத்தால் பாட்டி அம்மாவாகவும் அம்மா அக்காவாகவும் ஆகிவிடும் சங்கடம் இதில் இல்லை. ஆனால் பணம் என்று வரும்போது, உள்ளூராட்சி மன்றத்தின்கீழ் வளர்ப்புப் பெற்றோராக இருப்பவருக்குக் கிடைக்கும் உறுதியான தொகை, குடும்பத்துக்குள் பேசிப் பிள்ளையை ஏற்றுக்கொண்ட உறவினருக்கு அதே உறுதியோடு கிடைப்பதில்லை. ஊர் மாறினால் தொகையும் மாறும். தாளையும் தொகையையும் ஒன்றாகக் கேட்டுப் பெறாவிட்டால், ஒன்று வந்து மற்றொன்று வராமல் போகும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கொங்குத்தறி எழுதியது:

அனைவரின் கருத்துகளையும் படித்தேன். மாதத் தொகை உறவைக் கெடுக்கும் என்று நான் எழுதியதற்கு, மூத்தவள் அவர்களின் பதிவுக்குப் பிறகு என்னிடம் வாதம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு உதவக்கூடாது என்று யாராலும் சொல்ல முடியாது.

இழப்பீட்டுத் தொகையைப் பற்றி நான் சொன்னதில் மட்டும் உறுதியாக நிற்கிறேன். மாதச் செலவுக்கான பணம் வளர்ப்பவர் கைக்கு வரட்டும். பெருந்தொகை எதுவாயினும் பிள்ளையின் பெயரில் பதினெட்டு வயது வரை வைப்பில் இருக்கட்டும். உயர்கல்விக்கோ சிகிச்சைக்கோ இடையில் எடுக்க வேண்டுமானால் நீதிமன்றத்தின் அனுமதியோடு எடுக்கட்டும். இவ்விரண்டையும் பிரித்துவிட்டால் நல்லவர்களுக்குச் சந்தேகப் பார்வை இல்லை. மற்றவர்களுக்கு வாய்ப்பு இல்லை. பிள்ளை பள்ளிக்கு வருகிறதா என்பதை ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டால், தறிக்கும் தீப்பெட்டி ஒட்டுவதற்கும் அனுப்பப்படுவதும் தெரிந்துவிடும். ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்க அக்கம்பக்கத்தாரும் தயங்கக்கூடாது.

வைப்பாற்றங்கரை எழுதியது:

பயனுள்ள உரையாடலாக அமைந்தது. இவற்றையெல்லாம் சேர்த்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க ஒரு மனுவை எழுதத் தொடங்கியிருக்கிறேன். கிராம சபைக் கூட்டத்திலும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம் என்று எங்கள் ஊரில் சிலர் இசைந்திருக்கிறார்கள். அதன் சாரத்தை இங்கே வைக்கிறேன்.

நீதிமன்ற ஆணை இல்லாமலேயே, பிள்ளையை வளர்த்து வருபவர் இவர்தான் என்று வட்டாட்சியர் அளவில் ஒரு பராமரிப்பாளர் சான்று வழங்கப்பட வேண்டும். களப்பணி செய்பவர் சொன்னபடி, கிராம நிர்வாக அலுவலர், தலைமையாசிரியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோரின் கையெழுத்து அதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும். பள்ளிச் சேர்க்கை, குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், மருத்துவம் ஆகியவற்றுக்கு அது செல்லும் என்றும், பிள்ளையின் சொத்தின் மீது அது எந்த உரிமையும் தராது என்றும், வறுமையைக் காட்டிப் பிள்ளையைப் பிரிக்க அது பயன்படாது என்றும் அந்தத் தாளிலேயே எழுதப்பட வேண்டும். மட்டுநகர் வாசகியின் எச்சரிக்கைக்காகவே "எதற்காக" என்பதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பதினெட்டு வயது நிறைந்த உடன்பிறந்தோரும் இந்தச் சான்றைப் பெறலாம் என்பதைத் தனி வரியாகவே சேர்த்திருக்கிறேன்.

நிதி ஆதரவைப் பொறுத்தவரை, வளர்ப்பவரின் வருமானத்தை வரம்புக்குள் கணக்கிடக்கூடாது என்ற வழக்கறிஞரின் கருத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். இது ஒன்றிய அரசின் வழிகாட்டுதல் என்பதால் ஆட்சியரால் மாற்ற இயலாது. பரிந்துரையாக மேலே அனுப்பக் கேட்கலாம். அதற்குள் அவரால் முடிந்த ஒன்று உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோரின்றி உறவினர் வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளைத் தலைமையாசிரியர் கணக்கெடுத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்பச் சொல்லலாம். பாட்டி அலுவலகத்தைத் தேடி வருவதற்குப் பதிலாக அலுவலகம் பாட்டியைத் தேடிப் போகும். பள்ளிகளுக்கு அந்த விவரம் ஏற்கெனவே தெரியும். பிள்ளையின் பெயரை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் வாசித்துப் புண்படுத்தாமல் அதைச் செய்ய ஆசிரியர்களுக்கும் தெரியும்.

மூத்தவள் எழுதியது:

அம்மா, உடன்பிறந்தோருக்கான வரிக்கு மிக்க நன்றி. ஒரு வேண்டுகோள். சான்று பெறுவதற்கு மூத்த உறவினர் ஒருவரின் ஒப்புதல் வேண்டும் என்று யாரேனும் பிறகு ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி, தங்கையின் விருப்பத்தைக் கேட்டால் போதும் என்று எழுதுங்கள். வழக்கறிஞர் ஐயா, நான் எந்தெந்தத் தாள்களோடு சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும்?

கூடல்நகர் வழக்கறிஞர் எழுதியது:

பெற்றோர் இருவரின் இறப்புச் சான்றிதழ்கள், வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழ், மூவரின் பிறப்புச் சான்றிதழ்கள் அல்லது பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள், ஆதார் அட்டைகள், குடும்ப அட்டை, தங்கள் வேலைக்கான ஊதியச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வாரிசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்; இருப்பவற்றோடு போங்கள், மற்றதை வாங்கவும் அவர்களே வழிகாட்டுவார்கள். தங்களுக்குத் துணை நின்ற வகுப்பாசிரியை, தம்பியும் தங்கையும் தங்கள் பொறுப்பில் நன்றாகப் படித்து வருகிறார்கள் என்று ஒரு கடிதம் எழுதித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். நீதிமன்றத்தில் அந்தக் கடிதம் மிகவும் உதவும். மனுவில் தம்பி, தங்கையின் விருப்பத்தைக் குறிப்பிடும் பத்தியை நான் எழுதித் தருகிறேன், தனிச்செய்தியில் தொடர்புகொள்ளுங்கள்.